இன்வெர்ட்டரால் முடியாத வேலை

தீபாவளி முடிந்து ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை வெயிலில் காயப்போடும் நாட்களில் டெல்லியில் எங்கள் மயூர் விஹார் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வருஷா வருஷம் ஒரே கேள்வி வந்துவிடும். "இன்வெர்ட்டர் வாங்கலாம்னு இருக்கேன், 900 விஏ போதுமா, 1100 எடுக்கணுமா? பேட்டரி எந்தக் கம்பெனி நல்லது?" ஆளாளுக்குப் பதில் சொல்வார்கள். கேட்டவர் வாங்கியும் விடுவார். பெரும்பாலும் அவர் வீட்டில் வயசான அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் வாங்குவதாகச் சொல்லியிருப்பார். எனக்கு இதில் மனசு ஒப்புவதே இல்லை. இன்வெர்ட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் டெல்லியில் ஜனவரி ராத்திரி கரண்ட் போகும்போது வீட்டுப் பெரியவர்களுக்கு எது இல்லாமல் போகிறதோ, அதை அந்தப் பெட்டியால் தர முடியாது. குழுவில் நாலு வரியில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு மின்வெட்டு என்றாலே சித்திரை, வைகாசிதான். 2008 தொடங்கி 2012 வரை தமிழ்நாட்டில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். கடைசி வருஷத்தில் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இருக்காது. மயிலாடுதுறையில் என் அண்ணன் வீட்டில் இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். ஃபேன் ஓட வேண்டும், கொசு கடிக்காமல் குழந்தைகள் தூங்க வேண்டும், பரீட்சைக்குப் படிக்க ஒரு லைட் வேண்டும். அந்தத் தேவைக்கு அது சரியான மருந்து. அந்தப் பழக்கத்தை அப்படியே டெல்லி மார்கழிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறோம். இங்கே மார்கழியில் ஃபேன் மூன்று மாசமாகத் துணி சுற்றிக் கிடக்கிறது. லைட் இல்லாவிட்டால் ஒன்பது மணிக்கே படுத்துவிடலாம். போவது சூடு. ஹீட்டர் போகிறது, கீசர் போகிறது.

கணக்கைப் பார்ப்போம். வீடுகளில் பொதுவாக இருக்கும் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி 12 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட் மணி, ஏட்டளவில் 1.8 யூனிட். இன்வெர்ட்டர் தின்பது போக, பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது என்பதும் போக, ஒரு யூனிட் சொச்சம் கையில் நிற்கும். நாலு எல்இடி பல்பு, வைஃபை பெட்டி, இரண்டு போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்தும் 70 வாட்டைத் தாண்டாது, ராத்திரி முழுக்க ஓடும். ஆனால் ப்ளோயர் ஹீட்டர் 2,000 வாட். 900 விஏ இன்வெர்ட்டரில் சொருகினால் ஓவர்லோடு என்று கத்திவிட்டு நின்றுவிடும். பெரிய இன்வெர்ட்டராகவே வாங்கி ஓட்டினாலும் அரை மணிக்குள் பேட்டரி காலி. ஆயில் ஹீட்டரும் அதே ரகம், கீசரும் அதே ரகம். போதாக்குறைக்கு லெட்-ஆசிட் பேட்டரிக்கே குளிர் ஆகாது. 27 டிகிரியில் அது தருவதை 5, 6 டிகிரியில் தராது. பால்கனியில் வைத்த பேட்டரி நமக்கு முன்னால் விறைத்துப்போகும்.

டெல்லிக் குளிர் எவ்வளவு என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்காக ஒன்று இரண்டு சொல்கிறேன். 2021 புத்தாண்டு அன்று காலை டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானது 1.1 டிகிரி. 2019 டிசம்பர் 30 அன்று பகலிலேயே வெப்பம் 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. சிம்லாவில் இதைவிடக் குளிர்தான், ஆனால் அங்கே வீடுகள் குளிருக்கென்று கட்டியவை. டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) ஃப்ளாட் மே மாச வெயிலை மனசில் வைத்துக் கட்டியது. மொசைக் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் இடுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர் நாட்களில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஹீட்டர் இல்லாத ஜனவரி இரவில் எங்கள் ஹால் சுவரிலிருக்கும் தெர்மாமீட்டர் 12, 13 என்று நிற்கும்.

கரண்ட் எங்கே போகிறது

அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு டெல்லியில் இருக்கிறார். வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை ஏழு மணிக்குக் கரண்ட் போனதும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கம்பத்தடியில் லைன்மேனோடு தனக்குத் தெரிந்த இந்தியில் பேசிவிட்டு, மேலே வந்து சொன்னார்: "கரண்ட்டுக்குப் பஞ்சம் இல்லம்மா. ஒங்க தெருவுக்கு வர்ற கேபிளுக்குத்தான் தாங்கல."

அவர் சொன்னது சரி. 2024 ஜூனில் டெல்லியின் உச்ச மின்தேவை 8,600 மெகாவாட்டைத் தாண்டியது. அதே வருஷம் ஜனவரியின் உச்சம் 5,800 சொச்சம்தான். கோடையில் அவ்வளவு கொடுக்க முடிகிற ஊரில் குளிரில் மின்சாரம் இல்லாமல் போக வழியில்லை. ஏசி ராத்திரி முழுக்கப் பரவலாக ஓடும், நடுநடுவே கம்ப்ரஸர் நிற்கும், ஓடும். கீசர் அப்படி இல்லை. ஆறரையிலிருந்து எட்டுக்குள் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் கிளம்புகிற எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போடுவார்கள். எங்கள் மாடிப்படியில் எட்டு வீடு. எட்டு கீசர் என்றால் 16 கிலோவாட். கூடவே பாத்ரூம் வாசலில் ஒரு ப்ளோயர், சமையலறையில் ஒரு கெட்டில். பல வீடுகளில் அனுமதிக்கப்பட்ட லோடு இன்னமும் இரண்டோ மூன்றோ கிலோவாட் என்றே பில்லில் இருக்கும். ஃப்யூஸ் போகும், கேபிள் மூட்டு சூடாகிக் கருகும், தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஒன்று மட்டும் செத்துப்போய் எதிர்வீட்டில் எரியும், நம் வீட்டில் எரியாது.

ராத்திரி போகிற கரண்ட் வேறு வகை. அதற்கு மூடுபனிதான் பெரும்பாலும் காரணம். செங்கல் சூளைப் புகையும் தூசியும் மாசக்கணக்கில், மின்கம்பியைக் கம்பத்தோடு ஒட்டாமல் தாங்கும் இன்சுலேட்டர்கள் மேல் படிந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை ஒன்றும் செய்யாது. அதன் மேல் பனி இறங்கி ஈரமானதும் அந்த அழுக்கே கடத்தியாகிவிடும். மின்சாரம் இன்சுலேட்டர் மேல் ஊர்ந்து இறங்கும், லைன் ட்ரிப் ஆகி நின்றுவிடும். 2001 ஜனவரி 2 அன்று வட இந்தியா முழுக்க கிரிட் என்கிற மின்தொகுப்பே சரிந்த நாளை இங்கே பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு குளிருக்கு முன்னால் இன்சுலேட்டர்களை ஹெலிகாப்டரில் போய்க்கூடக் கழுவினார்கள், பீங்கானை எடுத்துவிட்டுப் பாலிமர் மாட்டினார்கள். பெரிய லைன்களில் நிலைமை நன்றாகவே மாறிவிட்டது. ஆனால் தெரு மூலையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கு யார் ஹெலிகாப்டர் அனுப்புவார்கள்? பத்தடி தள்ளி இருப்பவன் முகம் தெரியாத பனியில் லைன்மேன் எந்தக் கம்பத்தில் ஏறுவது? "வெயில் காலத்துல ஒரு மணி நேர வேலை. இந்தப் பனியில நாலு மணி ஆகும், அவனத் திட்டாதே" என்பார் அப்பா. அவருக்கு எப்போதும் லைன்மேன் கட்சி.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், காரணம் தெரிந்தால்தான் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரியும். டெல்லியில் குளிர்கால மின்தடை நாள்கணக்கில் நீடிப்பதில்லை. காலையில் ஒரு மணி, ராத்திரியில் சில மணி. அந்தச் சில மணி நேரத்துக்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கிற சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கத் தெரிந்தால் போதும். புதிதாகச் சூட்டை உண்டாக்கப் போகும்போதுதான் ஆபத்து வருகிறது.

அங்கீட்டி

2024 ஜனவரி நடுவில் அலிப்பூர் பக்கம் கேடா கலான் கிராமத்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். அறைக்குள் குளிருக்காக அங்கீட்டி என்கிற கரியடுப்பு வைத்திருந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். டெல்லிக்கு இது புதுசு இல்லை, ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிச் செய்தி வரும். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே ஒரு ராத்திரி எங்கள் பக்கம் கரண்ட் போனது.

ஒன்பதரை இருக்கும். அப்பா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, ரஜாய்க்குள் உட்கார்ந்துகொண்டிருந்தார். இன்வெர்ட்டரில் லைட் எரிந்தது, வைஃபை ஓடியது, மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பார்க்க எல்லாம் ஒழுங்காக இருந்த மாதிரி இருந்தது. பத்தே முக்காலுக்கு அப்பா கையைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி பாத்திரம் மாதிரி ஜில்லென்றிருந்தது. "குளிருதாப்பா?" என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். வயசானவர்களிடம் இதுதான் சிக்கல். உடம்பு சூட்டை இழப்பது அவர்களுக்கு உறைப்பதற்கே நேரமாகும், நடுக்கமும் நம்மைப் போல வராது. அவர்கள் வாயால் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்போது கதவு தட்டினார்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி. எழுபது தாண்டியவர். சால்வைக்கு மேல் சால்வை, இரண்டு கையிலும் பழந்துணி சுற்றி, ஒரு தகர வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளிக்கு உள்ளே களிமண் பூச்சு, நடுவில் இரும்புத் தட்டு, அதற்கு மேல் கரி. நன்றாகப் பிடித்துச் சிவந்து, ஓரத்தில் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. நடுவில் ஒரு கரிக்கும் இன்னொரு கரிக்கும் இடையில் நீலமாக ஒரு சின்னச் சுடர். "பாவுஜிக்குக் குளிரும் பேட்டா. எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேருதான், ரஜாய்க்குள்ள போயிடறோம். இதை அவர் கட்டில் பக்கத்துல வை" என்றார். தன் வீட்டுச் சூட்டைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு ஒரு மாடி ஏறி வந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து அப்பா எட்டிப் பார்த்து, "அட, கும்மட்டி அடுப்பு!" என்றார். அந்த ராத்திரி அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். மாயவரத்தில் அவர் பாட்டி வைத்திருந்தாராம், அடைமழையில் துணி காயவைக்க, பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தடம் கொடுக்க. கொண்டு வந்து வை என்று கையைக் காட்டினார்.

நான் வாசலை விட்டு நகரவில்லை. ஆண்ட்டிஜி, உள்ளே வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிப்போனது. "புகையே இல்ல பார், புகை அடங்குற வரைக்கும் பால்கனியில வெச்சிருந்துதான் கொண்டு வர்றேன். நாற்பது வருஷமா வெக்கிறோம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. புகை இருக்கும்வரை வெளியே வைத்து, சிவந்த பிறகு உள்ளே எடுப்பதுதான் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் வழக்கம். கொல்லுகிற இடமே அதுதான். புகை அடங்கிச் செக்கச் சிவந்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை லேசாக வலிக்கும், அசதியாக இருக்கும், தூக்கம் வருவது போல இருக்கும். குளிர் ராத்திரியில் கதகதப்பான அறையில் தூக்கம் வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அதைவிட எனக்கு அன்றைக்கு உறுத்தியது எங்கள் ஜன்னல்கள். நவம்பரிலேயே புகைமூட்டத்துக்குப் பயந்து எல்லா இடுக்கிலும் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியிருந்தோம். கதவடியில் துணிச்சுருள். அறையை எவ்வளவுக்கு ஒழுங்காக அடைக்கிறோமோ அவ்வளவுக்கு அதற்குள் நெருப்பு வைப்பது ஆபத்து. இந்த இரண்டு காரியத்தையும் ஒரே வீட்டில், ஒரே அக்கறையில், பெரியவர்களுக்காகவே செய்கிறோம். மறுநாள் இதை அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாட்டி வீட்டுல ஓட்டு இடுக்கு எல்லாம் காத்து. நடுவுல முத்தம் திறந்து கெடக்கும். அங்க கும்மட்டி இல்ல, வெறகடுப்பே எரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாது." அடுப்பு ஒன்றுதான். வீடுதான் வேறு. ஆண்ட்டியின் நாற்பது வருஷத்திலும் பாதி, ஜன்னல் சரியாக மூடாத பழைய வீட்டில் கழிந்திருக்கும்.

அன்பாகக் கொண்டு வந்ததை வாசலோடு நிறுத்துவது லேசான காரியம் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நியாயம் பேசியிருந்தால் அந்த உறவு அன்றோடு முடிந்திருக்கும். டிடிஏ ஃப்ளாட்டில் ஒரு நல்ல விஷயம், மாடிப்படி ஒரு பக்கம் முழுக்க ஜாலி என்கிற ஓட்டைச் சுவர் வைத்துத் திறந்திருக்கும். அங்கீட்டியை எங்கள் வாசலுக்கு வெளியே அந்தத் திறந்த பக்கத்தில் வைத்து, இரண்டு நாற்காலி போட்டேன். அப்பாவை ரஜாயோடு கொண்டு வந்து உட்கார வைத்தேன். ஆண்ட்டி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அவரும் உட்கார்ந்தார். மேல்வீட்டுப் பையன் சக்கரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்து சாம்பலில் புதைத்தான். அப்பாவின் இந்தியும் ஆண்ட்டியின் காதும் ஒன்றுக்கொன்று உதவாது, இருந்தாலும் பேசினார்கள். அந்த நேரத்தில் உள்ளே நான் படுக்கையைச் சூடாக்கினேன்.

படுக்கையைச் சூடாக்குவது

குழாய் எரிவாயு அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம். ஒரு குண்டான் தண்ணீரைக் காயவைத்து ரப்பர் பையில் ஊற்றி, தடிமனான துண்டைச் சுற்றி, ரஜாய்க்குள் கால் பக்கம் ஒன்று, இடுப்பு பக்கம் ஒன்று வைத்தேன். அப்பா உள்ளே வந்து படுக்கும்போது படுக்கை கதகதவென்று இருந்தது. அவர் படுத்ததும் கால் பக்கத்துப் பையை எடுத்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். படுக்கைக்குச் சூடு கொடுத்தால் போதும், படுக்கை உடம்புக்குக் கொடுத்துக்கொள்ளும். அரை மணி கழித்துக் கையைத் தொட்டேன், விரல் நுனிவரை சூடு திரும்பியிருந்தது. அறை அப்போதும் 12 டிகிரிதான்.

எனக்கு எல்லாம் மாறிப்போனது அந்தக் கையைத் தொட்ட இடத்தில்தான். அறையைச் சூடாக்க 2,000 வாட் வேண்டும். ஆளைச் சூடாக வைத்திருக்க அதில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். ஒற்றைக் கட்டிலுக்கான மின்சாரக் கம்பளி 60, 70 வாட் இழுக்கும். இது இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும், சைன்வேவ் இன்வெர்ட்டராக மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, படுத்ததும் அணைத்துவிடுகிறோம். கம்பளியை மடித்துப் போட்டு ஓட்டக் கூடாது, ஈரம் படக் கூடாது, பழசாகி உள்கம்பி முறுக்கினால் தூக்கிப்போட வேண்டும். ஆக, இன்வெர்ட்டர் பேட்டரியில் கையில் நிற்கும் அந்த ஒரு யூனிட்டுக்கு இப்போது எங்கள் வீட்டில் உருப்படியான ஒரு வேலை இருக்கிறது.

குளியலுக்கும் இதே யோசனைதான். 15 லிட்டர் கீசர் என்பது உண்மையில் ஒரு பெரிய ஃப்ளாஸ்க். 12 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்ற முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும், 2 கிலோவாட் கீசர் அதை அரை மணிக்குள் முடித்துவிடும். தெருவே கீசர் போடுகிற ஏழு மணிக்குப் போடாமல், முந்தைய ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டு அணைத்துவிட்டால் காலையில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளிக்கிற சூட்டில் தண்ணீர் இருக்கும். அப்பா மார்கழி முழுக்க நாலரைக்குக் குளித்துவிட்டுக் கோயில் பஜனைக்குப் போகிறவர், அவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. தண்ணீர் மோட்டாரையும் ராத்திரியே ஓட்டி மாடி டேங்க்கை நிரப்பி வைக்கிறோம். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் கேபிள் திணறும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதுவும் அங்கீட்டியின் தம்பிதான், காற்று போக வழி இல்லாத பாத்ரூமில் அது எரியவே கூடாது. கேஸ் அடுப்பைக் கொளுத்திவிட்டுச் சமையலறையில் குளிர் காய்வதும் கூடாது.

மற்றதெல்லாம் சில்லறை வேலைகள். கட்டிலை வெளிச்சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டோம். மொசைக் தரையில் கால் வைக்கிற இடத்தில் தரி என்கிற ஜமக்காளம் விரித்தோம். கரண்ட் போன ராத்திரியில் எல்லாரும் வெளிச்சுவர் குறைவாக உள்ள சின்ன அறைக்கே வந்துவிடுகிறோம், நாலு பேர் மூச்சுக்கே அறை ஒன்றிரண்டு டிகிரி ஏறும். அப்பா ராத்திரி எழுந்து போகும் வழியில் பேட்டரி விளக்கு. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் அக்டோபரிலேயே பார்த்தாகிவிடும். பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறோம், ஆண்ட்டி வீட்டுக்கும் ஒன்று கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றார், இப்போது அக்கம்பக்கத்தில் அவரே எடுத்துச் சொல்கிறார்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ஐந்து லிட்டர் கருவி 350 வாட் அளவுக்கு இழுக்கும். நான் மேலே சொன்ன பேட்டரியில் மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. அந்த வீட்டில் பெரிய பேட்டரியும் வேண்டும், நிரப்பி வைத்த சிலிண்டரும் வேண்டும், கரண்ட் போன நிமிஷத்திலிருந்து கடிகாரத்தைப் பார்க்கிற ஓர் ஆளும் வேண்டும். அங்கே 900-ஆ 1100-ஆ என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

கேட்டில் நிற்பவர்

எனக்கு இன்னும் தீராத விஷயம் ஒன்று பாக்கி. எங்கள் பாக்கெட்டின் (குடியிருப்புத் தொகுதியின்) கேட்டில் ராத்திரி காவலுக்கு நிற்பவர் பீகார்க்காரர், ஐம்பது வயசுக்கு மேல். முன்பெல்லாம் சருகையும் உடைந்த பெட்டிப் பலகையையும் போட்டு எரித்துக் குளிர் காய்வார். காற்று மோசமாகும் நாட்களுக்கான கிராப் (GRAP) என்கிற மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில், காவலாளிகள் இப்படி எரிக்காமல் இருக்க குடியிருப்போர் சங்கமே அவர்களுக்கு மின்சார ஹீட்டர் தர வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. எங்கள் சங்கமும் ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் கரண்ட் போனால் அந்த ஹீட்டரும் போகிறது. எரிக்கவும் கூடாது. வீட்டுக்குள் நாங்கள் ரஜாய்க்குள் இருக்கும் அதே நாலு மணி நேரம் அவர் தகரக் கூண்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கூண்டுக்குள்ளேயே அங்கீட்டி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர் தாங்காதவர் அதைத்தான் செய்வார்.

போன மாசக் கூட்டத்தில் இதை எடுத்தேன். கேமராவுக்கென்று கேட்டில் ஏற்கெனவே ஓர் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் 60 வாட் சூட்டு மெத்தை ஒன்றை நாற்காலியில் போட்டால் தாராளமாகத் தாங்கும் என்று அப்பா ஒரு தாளில் கணக்கே எழுதிக் கொடுத்திருந்தார். கூண்டுக்கு ஒழுங்காக மூடுகிற கதவு, காலடியில் ஒரு மரப்பலகை, நல்ல ஃப்ளாஸ்க். எட்டு வீட்டுக்கு ஒரு வீடு என்று சுற்று வைத்து, கரண்ட் போன ராத்திரியில் ஃப்ளாஸ்க்கில் சூடாக டீ நிரப்பிக் கொடுப்பது. செலவு ஒரு வீட்டுக்கு நூறு ரூபாய்கூட வராது. செயலாளர் நல்லவர்தான், "அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்றார். அடுத்த பட்ஜெட் ஏப்ரலில். கதவுக்கும் மெத்தைக்கும் எங்கள் மாடிப்படி எட்டு வீட்டில் இந்த வாரமே வசூல் தொடங்கிவிட்டோம். முதல் ஆளாக ஆண்ட்டி கொடுத்துவிட்டார். மற்ற மாடிப்படிக்காரர்களில் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா கேட்டில் அளவெடுக்கப் போகிறார், வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.